டிரவுட் மீனுக்கு நான் போட்ட கேம்ப்

துரை தன்னை நீலகிரிக்குக் கூட்டிப் போகிறார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவன் சமையல்காரன் ஆரோக்கியமேதான். திண்டிவனம் சப்-கலெக்டர் பங்களாவில் நான் டெண்ட் துணியை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"கிளார்க்கு ஐயா, தொரை என்னை மலைக்கு வரச் சொல்லிட்டாருங்க. குளிருக்குக் கம்பளி ஒண்ணு பாத்து எடுத்து வையுங்க."

எனக்கு வயிறு எரிந்தது.

அப்போது நான் வெள்ளைக்கார சப்-கலெக்டர் துரைக்குக் கேம்ப் கிளார்க். முப்பதுகளின் கடைசி, யுத்தம் இன்னும் வரவில்லை. துரை எந்தக் கிராமத்துக்குப் போனாலும் டெண்ட், வண்டி, பால், தண்ணீர் எல்லாம் அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அது என் வேலை. அந்த வருஷம் அவர் லீவு போட்டு, ஊட்டிக்கு அப்பால் காட்டுக்குள் ஓடும் ஓடைகளில் டிரவுட் பிடிக்க ஆசைப்பட்டார். டிரவுட், சீமையிலிருந்து கொண்டுவந்து நம் மலையில் விட்ட மீன். குளிர்ந்த தண்ணீரில்தான் பிழைக்கும். அதைப் புழு கோத்துப் பிடிப்பது துரைமாருக்குக் கௌரவக் குறைவு. சேவல் இறகைக் கொக்கியில் ஈ மாதிரி கட்டி, தண்ணீர்மேல் வீச வேண்டும். அதற்கு 'ஃப்ளை' என்று பெயர்.

அந்தக் கேம்ப் முழுவதையும் போட்டவன் நான். ஃப்ளை கட்டுவதற்காகச் செவலைக் கழுத்துச் சேவல் தேடிச் சந்தை சந்தையாக அலைந்தேன். பர்மிட்டுக்கு எழுதினேன். விழுப்புரம் ஜங்ஷனில் ஏறி, காட்பாடியில் மாறி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் பிடிப்பது வரை கனெக்ஷன் பார்த்தேன். சுமைகூலிகளுக்கும் மட்டக்குதிரைக்கும் சொல்லி வைத்தேன். எந்த ஓடைக்கரையில் டெண்ட் அடிப்பது என்று துரையின் மேப்பைப் பார்த்துப் பார்த்து, கண்ணை மூடினாலும் அந்த ஓடையின் வளைவுகள் தெரிந்தன. போகப்போகிறவனோ முட்டை வேகவைக்கிறவன்!

நான் அவனுக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை. ஆனால் அவன் சிரித்தாலே பற்றிக்கொண்டு வந்தது. அவனை வழியனுப்ப முண்டியம்பாக்கத்திலிருந்து வந்த அவன் மனைவி எனக்கும் முறுக்கு கொடுத்தாள். வாங்கி வைத்தேன், வாயில் போடவில்லை.

விழுப்புரம் பிளாட்பாரத்தில் சாமான் ஏற்றி முடிந்தது. தூண்டில் ராடு பெட்டியை மட்டும் யாரையும் தொடவிடாமல் நானே ஏற்றினேன். துரையின் பழைய கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு ஆரோக்கியம் வந்து நின்றான். வேர்த்து ஊற்றியது; கழற்றவில்லை.

"உன்ன எப்படிடா கூப்பிட்டாரு?" என்று கேட்டேவிட்டேன்.

"அவரு எங்கீங்க கூப்பிட்டாரு? நான்தான் கேட்டுக்கினேன். செஞ்சி கல்லுமலைதான் பாத்திருக்கேன், பச்சை மலை பாத்ததில்ல, கூட வர்றேன் தொரைன்னேன். சரின்னுட்டாரு."

அவ்வளவுதான். நேராகத் துரையின் ஜன்னலுக்குப் போனேன். "நானும் வர ஆசைப்பட்டேங்க" என்றேன். கார்டு விசில் ஊதிவிட்டார்.

துரை பேசுவது முன்ஷியிடம் படித்த புத்தகத் தமிழ். "நீயா? நீ ஒரு நாளும் என்னிடம் சொல்லவில்லையே! உனக்கு இதில் விருப்பம் இல்லை என்று நினைத்தேன். அடுத்த வருஷம் அவசியம் வா" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

அடுத்த வருஷம் யுத்தம் வந்துவிட்டது. துரையையும் வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். நான் அந்த மலையைப் பார்க்கவே இல்லை. இப்போது ஆபீசில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: நாம் வேலை செய்கிற அழகைப் பார்த்து மேலதிகாரி நம் ஆசையைக் கண்டுபிடிப்பார் என்று காத்திருக்காதீர்கள். வாய் திறந்து கேளுங்கள். வண்டி கிளம்புவதற்கு முன்னால் கேளுங்கள்.

ஆரோக்கியம் லீவு முடிந்து வந்தபோது, உப்புப் போட்டுப் புகையில் வாட்டிய டிரவுட் ஒன்றை எனக்கென்று துணியில் சுற்றிக் கொண்டுவந்தான்.

"தொரை பிடிச்சது இல்லீங்க. எனக்கும் ராடு குடுத்தாரு. நானே பிடிச்சது. எப்படீங்க இருக்குது?"

"நம்ம ஏரி விரால் கிட்டகூட வராது" என்றேன். முள்ளையும் சப்பி முடித்த பிறகுதான் சொன்னேன்.