நிறத்துக்குக் கொடுத்த காசு

மகனின் பொன்னுருக்குக்கு நாள் குறித்த பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கறி அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். நான் அறைக்குள் அலுமாரிக்கு முன்னால் நிற்பேன். சேலை மடித்து வைக்க வந்தவள் போலக் கதவைத் திறப்பேன். அடியில் இருக்கும் சின்ன டப்பாவைத் தொட்டுப் பார்ப்பேன், மூடுவேன், இரண்டடி நடந்துவிட்டுத் திரும்ப வந்து திறப்பேன். குசினிக்குள் போனால் கறி அடிப்பிடித்திருக்கும். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இண்டைக்கும் பவுண் கறியோ?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பு வராது.

பொன்னுருக்கு மாப்பிள்ளை வீட்டில் நடப்பது. கலியாணத்துக்குச் சில நாள் முன்னதாக, நல்ல நேரம் பார்த்து, தங்கவேலை செய்யும் ஆசாரியாரை வீட்டுக்கு அழைத்து, ஒரு தங்கக் காசைச் சபைக்கு முன்னால் வைத்து உருக்குவார்கள். அந்தத் தங்கத்தில்தான் தாலி. உருக்குவதற்கு ஒரு பவுண் வேண்டும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பவுண் இருந்தது, அதுவும் என்னுடையது. அதை நெருப்பில் போட எனக்கு மனமில்லை.

பளபளவென்று கிடக்கும் சாதாரணப் பவுணாக இருந்திருந்தால் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன். ஒரு பக்கம் ஓர் அரசனின் தலை, மறுபக்கம் குதிரைக்காரன். அதில் ஒன்றும் புதினமில்லை. ஆனால் விளிம்பைச் சுற்றிப் பழுத்த பாக்கின் தோல் மாதிரி ஒரு சிவப்பு. உள்ளே போகப்போக அது செம்மஞ்சளாகி, அரசனின் கன்னத்தில் வெறும் மஞ்சளாகிவிடும். யன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சரித்தால் காதுக்குப் பின்னால் ஊதா நிழல் ஒன்று வந்து போகும். யாரும் பூசிய நிறம் இல்லை. பவுணுக்குள் கொஞ்சம் செம்பு கலந்திருக்கும். அது எத்தனையோ வருடம் ஏதோ ஒரு பெட்டிக்குள்ளோ மண்ணுக்குள்ளோ கிடந்து தானாகச் செய்த வேலை.

இந்தப் பைத்தியம் எனக்கு விசுவமடுவில், கூட்டுறவுச் சங்கக்கடையில் பிடித்தது. காசுப்பெட்டிக்கு முன்னால் இருந்து வேலை செய்தவள் நான். சில்லறை கையில் புரளும்போது ஒன்றிரண்டு காசு மட்டும் ஒரு மாதிரி நிறம் பிடித்திருக்கும். விளிம்பில் நீலம் ஓடியது ஒன்று, தேயிலைச் சாயம் மாதிரி ஒன்று. என் கைப்பையில் இருந்து அதே பெறுமதியான காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். காசு சேர்ப்பவர்கள் ஆண்டு பார்ப்பார்கள், நாடு பார்ப்பார்கள். நான் நிறம் பார்த்தேன். பிறகு மகன் கைபேசியில் காசு சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டான். நல்ல நிறம் பிடித்த காசுக்கு அங்கே மற்றக் காசை விடக் கூட விலை கொடுத்து வாங்குகிறார்கள். தேய்த்து மினுக்கிய காசென்றால் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். உலகத்தில் நான் ஒருத்தி மட்டும் விசரி இல்லை என்று அன்று எனக்குப் பெரிய நிம்மதி.

பவுணை முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் கண்டேன். இடம்பெயர்ந்து நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, சட்டி பானையோடு பழைய சாமானும் வாங்கி விற்கிறவர். நான் சங்கக்கடையை விட்டு விலகியபோது வந்த சேமலாபக் காசு கையில் இருந்தது. அவர் பெட்டிக்குள் வேறு இரண்டு பவுணும் மினுங்கிக்கொண்டு கிடந்தன.

"அது ரெண்டும் நிறைக்குத்தான் விலை, தங்கச்சி. இது வேறை. இதுக்கு மேலாலை தரவேணும்" என்றார்.

தங்கத்தின் விலைக்கு மேலாலே அவர் கேட்ட காசுக்கு ஒரு நல்ல மறியாடு வாங்கலாம். நான் பேரம் பேசினேன். பேசும்போது பவுணைக் கீழே வைத்திருக்க வேண்டும். நான் அதைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு பேசினேன். அவர் ஒரு சதமும் இறங்கவில்லை. வீட்டில் இவர் கேட்டுவிட்டு வாசலில் நின்றே சிரித்தார். "ஆடெண்டால் குட்டியாவது போடும்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தச் செலவையும் அவர் ஆட்டுக் கணக்கில்தான் சொன்னார்.

கலியாணம் சரிவந்தபோது தங்கம் ஏறத் தொடங்கியது. காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. தாலிக்கொடிக்குத் தங்கம் வாங்கி முடிக்கும்போதே கை வறண்டுவிட்டது. அறுவடைக்கு நின்ற எங்கள் வயல் நெல்லை மழை அடித்துக் கிடத்திவிட்டது. உருக்குவதற்கான பவுண் ஒன்றுதான் இன்னும் வாங்க மிச்சம். அலுமாரிக்குள் பவுண் இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒருவராவது வாய் திறந்து கேட்டார்களா? கேட்டிருந்தால் சண்டை பிடித்து மனதை ஆற்றியிருப்பேன். நான் அறைக்குள் போனால் இவர் வெளியே போவார். மகன் வவுனியாவில் மின்சார வேலை செய்கிறவன், பெண்ணும் அந்த ஊர்தான். சனிக்கிழமைகளில் வருவான்; வந்தால் கலியாண மண்டபத்தைப் பற்றிக் கதைப்பான், சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பான், பவுணைப் பற்றி மட்டும் கதைக்கமாட்டான். அந்த மரியாதை எனக்கு முள்ளாகக் குத்தியது.

கிளிநொச்சியில் நகைக்கடையில் கொடுத்து வேறு பவுண் மாற்றலாம்தான். ஆனால் நகைக்கடைக்காரர் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கவா போகிறார்? அவரும் உருக்குவார், என் கண் காணாமல் உருக்குவார், அவ்வளவுதான். நிறம் தெரிந்த ஒருவர் கைக்குப் போனால் காசாவது பிழைக்கும் என்று குழுவில் படம் போட்டேன். படத்தில் நிறம் விழவில்லை. யன்னலில் வைத்து எடுத்தேன், முற்றத்தில் வைத்து எடுத்தேன், வெள்ளைத் துணியில் வைத்து எடுத்தேன். எதிலும் ஊத்தை பிடித்த பவுண் மாதிரித்தான் விழுந்தது. ஒருவர், "கறை" என்று ஒரே சொல்லில் எழுதினார். கொழும்பில் இருந்து இன்னொருவர், தபாலில் அனுப்பினால் நேரில் பார்த்துவிட்டு விலை சொல்கிறேன் என்றார். முன்பின் தெரியாத மனிதருக்குப் பவுணைத் தபாலில் அனுப்ப எனக்கு அந்தளவுக்கு விசர் முற்றவில்லை.

கடைசியில் ஒரு காலை இவரிடம் சொல்லாமல் முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். வழியில் வற்றாப்பளை அம்மனை நினைத்துக் கும்பிட்டேன். என்ன கேட்டுக் கும்பிடுவது என்று தெரியவில்லை. பிள்ளையின் கலியாணத்துக்குப் பவுண் கொடுக்காமல் தப்ப வழி காட்டு என்று எந்த வாயால் கேட்பது? கையை இறக்கிவிட்டேன்.

நானா என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டுப் பிளேன்ரீ தந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. "நானா, இதை நீங்களே எடுங்கோ. மற்றப் பவுண் ஒண்டைத் தாங்கோ. மேலாலை தந்த காசும் வேண்டாம்" என்றேன்.

"அது ரெண்டும் போன மாசமே போட்டுது, தங்கச்சி. ஒரு கலியாண வீட்டுக்காரர் வந்து கொண்டுபோனவை."

"அப்ப காசைத் தாங்கோ. நான் வேறை இடத்திலை வாங்குறன்."

"இப்ப போற விலைக்குப் பவுண் வாங்கி வைக்க என்னட்டை முதல் இல்லை. சட்டி பானை வித்து வாற காசு." ஒரு பானையைத் தூக்கி அப்பால் வைத்தார். "நிறத்துக்குக் காசு குடுக்கிற ஆள் இந்தப் பக்கத்திலை நீங்கள் ஒராள்தான். உங்களுக்கே வித்துப்போட்டன். இனி ஆருக்கு விக்கிறது?"

"உங்களுக்கு அந்த நிறத்தின்ர அருமை தெரிஞ்சுதானே விலை சொன்னனீங்கள்?"

அவர் பவுணை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார், குறை சொல்ல மாட்டேன். பிறகு என் கையில் திருப்பித் தந்தார். "எனக்கு இதிலை ஒண்டும் தெரியேல்லை, தங்கச்சி. அண்டைக்கு உங்கட முகத்தைப் பாத்துத்தான் விலை சொன்னனான்."

கோபத்தில் ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸிலும் கோபம் அடங்கவில்லை. யாரில் கோபம் என்று யோசித்தால் நானாவில் இல்லை. வியாபாரி முகம் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பார்? என் முகத்தில்தான் கோபம். எதையும் ஒளிக்கத் தெரியாத முகம்.

அந்தச் சனிக்கிழமை மகன் வந்து, முகம் கழுவக்கூடப் போகாமல், குசினி வாசலில் நின்றான். "அம்மா, நான் அரைப்பவுண் ஒண்டு வாங்குறன். அதை உருக்குவம். ஆர் நிறுத்துப் பாக்கப் போகினம்?" என்றான்.

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவன் அதைச் சொன்ன விதம்தான் என்னைச் சுட்டது. அவன் கெஞ்சவுமில்லை, குத்தவுமில்லை. அம்மாவின் விளையாட்டுச் சாமானைப் பறிக்காமல் வேறு வழி பார்ப்போம் என்று ஒரு பெரிய மனிதரைப் போலச் சொன்னான்.

"அரைப்பவுணோ? உனக்கென்ன அரைக் கலியாணமோ நடக்குது?" என்று கத்தினேன். "அலுமாரிக்குள்ள முழுப் பவுண் கிடக்குது. அதைத்தான் உருக்கிறது. இனி இதைப் பற்றி ஒருதரும் கதைக்கப்படாது!"

ஒருவருமே கதைக்கவில்லை என்பதுதான் அங்கே பிரச்சினை. கத்திவிட்டு, துருவியதையே திரும்பத் துருவினேன்.

பொன்னுருக்கு அன்று முன்கூடத்தில் பாய் விரித்து, குத்துவிளக்கு ஏற்றி, நிறைகுடம் வைத்திருந்தோம். ஆசாரியார் சிறிய கரியடுப்போடு வந்து கிழக்குப் பார்த்து அமர்ந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேசிக்காய் வைத்த தட்டின் நடுவில் என் பவுண். உருக்கும் முன் அதைச் சபையில் எல்லாருக்கும் காட்டுவது வழக்கம். தட்டு ஒவ்வொருவராகப் போனது. ஒவ்வொருவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இந்த நிறத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லமாட்டார்களா என்று நான் தட்டின் பின்னாலேயே கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இவருடைய அக்கா, எனக்கு மச்சாள், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தா. "பவுண் ஏன் உப்பிடி மங்கிப்போய்க் கிடக்குது? புளித்தண்ணியிலை ஒருக்காக் கழுவியிருக்கலாமே, பிள்ளை" என்றா.

நல்ல காரியம் நடக்கிற இடம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மகன் பவுணை எடுத்து ஆசாரியாரின் கையில் கொடுத்தான். அவர் அதை, தங்கம் உருக்கும் சிறிய மண் கிண்ணமான குகைக்குள் போட்டுத் தணலில் வைத்து ஊதினார். நான் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நிறம்தான் முதலில் போனது. சிவப்பு கறுத்தது, ஊதா இருந்த இடம் தெரியவில்லை. அரசனும் குதிரையும் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு அவர்களும் வழிந்து ஒரு துளியாகிப்போனார்கள். ஆசாரியார் அதை ஆறவைத்துத் தட்டில் வைத்தபோது கடையில் இருக்கும் எந்தத் தங்கத்தையும் போல மஞ்சளாகக் கிடந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், சத்தமாகவே வந்துவிட்டது.

மச்சாள் உடனே என் தோளை அணைத்தா. "அழாதை, பிள்ளை. ஆம்பிளைப் பிள்ளை எண்டால் கலியாணம் முடிச்சுப் பொம்பிளை வீட்டிலை போய் இருக்கிறதுதானே வழக்கம். வவுனியா என்ன பெரிய தூரமே?" அவ சொன்னதைக் கேட்டு இன்னும் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். இத்தனை நாளும் ஆட்டுக் கணக்குச் சொல்லிச் சிரித்த இவர்கூட என் பக்கத்தில் வந்து, தன் சால்வைத் தலைப்பை நீட்டி, "கிழமைக்கொருக்கா வருவான். பேந்தென்ன?" என்றார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. நான் தலையை ஆட்டினேன்.

உருக்கிய பொன்னையும் சபைக்குக் காட்ட வேண்டும். மகன் தட்டோடு வந்து என் முன்னால் குனிந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அம்மா, பவுணுக்குத்தானே அழுறியள்?" என்றான்.

"ஓம்" என்றேன்.

"எனக்குத் தெரியும். விடிஞ்சதிலை இருந்து உங்கட முகத்தைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறன்" என்று சொல்லி மெல்லச் சிரித்தான். நான் பொன்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். இன்னும் சூடாக இருந்தது. அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனான்.

அத்தனை பேர் கூடியிருந்த கூடத்தில் நான் எதற்கு அழுகிறேன் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வருகிற கிழமையோடு அவனுக்கு வீடு வேறு, இங்கே வந்தால் விருந்தாளிதான். முதலில் அழுதது பவுணுக்குத்தான், அதில் பொய் இல்லை. அதற்குப் பிறகு அழுதது மச்சாள் சொன்னதற்குத்தான்.