கரை கட்டின அரசாங்கம்

ஓய்வூதியம் வாங்குகிறவன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான் என்று வருஷத்துக்கு ஒரு தடவை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கான காகிதங்களை நகலெடுக்கப் போன வாரம் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பிள்ளைகள் நின்றார்கள். எல்லார் கையிலும் அரசு வேலைக்கான விண்ணப்பம். மீன் வாடையும் மல்லிகையும் கலந்து வரும் அந்தச் சந்தில் கடைக்காரர் நீட்டிய தாள் கைக்குச் சூடாக இருந்தது. என்னையறியாமல் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். ஜெராக்ஸ் தாளை முகர்ந்து பார்க்கிற கிழவனை அந்தப் பிள்ளைகள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

இளவயதில் நாங்கள் படித்த பாடங்களும் அப்படித்தான் சூடாக வரும். தபாலில் வருவது ஒரே ஒரு பிரதி. படிக்கிறவர்கள் மூன்று பேர். அதனால் பங்குக் கோயிலுக்குப் போகிற வழியில் நகலெடுத்துக்கொண்டு, இரண்டாம் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் உட்காருவோம். திருவிழாத் தேர்களை நிறுத்தி வைக்கிற அறை அது. மெழுகும் வாடிய சாமந்தியும் சேர்ந்த வாசனை அதில் எப்போதும் இருக்கும். தேர்ச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு நாங்கள் படித்தது என்ன தெரியுமா? கிறிஸ்தவ நோக்கில் அரசாங்கத்தின் அதிகார எல்லைகளும் தொழில் சுதந்திரமும். அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரிலிருந்து இலவசமாக அனுப்பினார்கள். மொத்தம் பன்னிரண்டு பாடம்.

அதை வரவழைத்தவன் ஜெரால்டு. பள்ளியில் பிரெஞ்சு படித்தவன், ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஃபிலோமினா கருவடிக்குப்பத்துப் பெண், தமிழ் வழியில் படித்தவள். எனவே ஆங்கிலத்தை உடைத்துத் தமிழில் சொல்வது என் பொறுப்பாயிற்று. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் அதில் சேர்ந்தது அரசுத் தேர்வுக்கு ஆங்கிலம் பழகத்தான். அரசாங்கத்தை எப்படி அடக்கி வைப்பது என்று படித்தே அரசாங்கத்துக்குள் நுழைந்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் பாடத்திலேயே திணறிவிட்டேன். 'வரையறுக்கப்பட்ட அரசு' என்றேன். இருவருக்கும் புரியவில்லை. மனிதன் பாவி, அதனால் எந்த மனிதன் கையிலும் அளவில்லாத அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது, ஆளுகிறவனும் சட்டத்துக்குக் கீழேதான் என்று விளக்கினேன். ஃபிலோதான், "கரை கட்டின தண்ணி மாதிரி. கரை கட்டின அரசாங்கம்னு எழுது" என்றாள். அப்படியே எழுதிக்கொண்டோம். இந்த விதி பிஷப்புக்கும் உண்டா என்று அடுத்துக் கேட்டாள். சாமியார் பங்களா பக்கத்திலேயே இருந்ததால் ஜெரால்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான்.

எல்லாவற்றையும் நாங்கள் அப்படியே விழுங்கிவிடவும் இல்லை. அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டால் ஏழைக்கு யார் இருக்கிறார்கள் என்று ஜெரால்டு பாடத்துக்குப் பாடம் சண்டை பிடிப்பான். நன்றி சொல்ல எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன மெர்சிதான். தொழிலைப் பற்றிய ஏழாம் பாடத்தில் ஃபிலோ அவனுக்குப் பதில் சொன்னாள். "ரொட்டிக் கடையில வாங்குறவனும் மெர்சி சொல்றான், விக்கிறவனும் மெர்சி சொல்றான். ஆபீசுல யாருன்னா சொல்றானா?" ஒருவருக்குத் தேவையானதைச் செய்து கொடுப்பதும் பிறர் அன்புதான், அதற்கு எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது அவளுக்குள் அன்றைக்கே இறங்கிவிட்டது. எனக்குள் இறங்கியது ஆங்கில வினைச்சொற்கள் மட்டுமே.

அவளுடைய அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, அங்கிருந்து வரும் பென்ஷனில் காலம் தள்ளியவர். நாங்கள் படிப்பதைக் கேட்டுவிட்டு, கவர்மெண்டைச் சின்னதாக்கப் போகிறீர்களா, எனக்கு இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று இரண்டு இருந்தும் பத்தவில்லையே என்று சிரித்தார். எங்கள் படிப்பைப் பற்றி ஊர் சொன்ன கருத்து மொத்தமும் அதுதான். வேறு யாரும் அதைப் பொருட்படுத்தவே இல்லை.

கடைசித் தேர்வில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். தங்க எழுத்தில் சான்றிதழ் வந்தது. அடுத்த மாதமே அரசுத் தேர்விலும் தேறி ஒரு அலுவலகத்தில் எழுத்தனாகச் சேர்ந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். தொழில் அனுமதிக் கோப்புகள் பார்க்கும் பிரிவு என்றால் போதும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண்ணெடுத்து ஜெரால்டு பிரெஞ்சு நாட்டுக்கே பறந்துவிட்டான். ஃபிலோ மட்டும் படித்ததைச் செய்யத் தொடங்கினாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஓர் அடுப்புக் கட்டி, அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு பன்னும் வர்க்கியும் போட்டாள். வைத்திக்குப்பத்து டீக்கடைகளில், கரையேறிய மீன்காரர்கள் அவள் பன்னைக் கேட்டு வாங்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தாள். அடி கொஞ்சம் கருகியிருந்தது. அதுதான் ருசி என்றாள்.

அனுமதி கேட்டு அவள் போட்ட மனு என் மேஜைக்கு வந்தது. மனுவில் குறை இல்லை. ஆனால் அந்தப் பகுதியில் ஏற்கெனவே பெரிய ரொட்டிக் கடை வைத்திருந்த ஒருவர் எங்கள் மேலதிகாரியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நிராகரிக்க வேண்டாம், ஏதாவது விளக்கம் கேட்டு எழுதிக்கொண்டே இரு என்று எங்கள் சூப்பிரண்டு சொன்னார். எழுதினேன். பக்கத்து வீட்டாரின் ஒப்புதல் எங்கே என்று கேட்டேன். அது வந்ததும் கட்டட வரைபடம் கேட்டேன். அதுவும் வந்ததும் புகைபோக்கியின் உயரத்துக்குச் சான்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் விதி இருந்தது. விதி எண்ணைப் போட்டு, ஆங்கிலத்தில், ஒரு பிழையில்லாமல் எழுதினேன். நான் ஒரு பைசா லஞ்சம் வாங்கவில்லை. இத்தனை வருஷமாக நான் பிடித்துக்கொண்டு மிதக்கிற கட்டை அது ஒன்றுதான்.

மூன்றாவது கடிதம் கிடைத்ததும் ஃபிலோ நேரில் வந்தாள். சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் என்னை சார் என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடிதத்தை என் முன்னால் விரித்து வைத்தாள்.

"இது நீ எழுதினதுதானே?"

ஃபைல் மேலே போயிருக்கிறது, நான் வெறும் எழுத்தன்தான் என்றேன்.

"பன்னெண்டு பாடத்தையும் நீதானே எனக்குத் தமிழ்ல சொன்னே" என்றாள், மெதுவாக, பக்கத்து மேஜைக்குக் கேட்காமல். அப்போதுகூட என் மானத்தைக் காப்பாற்ற நினைத்தாள் பாருங்கள். கடிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்றரை வருஷம் இழுத்தது. அனுமதியில்லாமல் நடத்துவதாக யாரோ புகார் கொடுக்க, வேறொரு பிரிவு வந்து கொட்டகைக்கு முத்திரை வைத்தது. மழையில் அடுப்பு இடிந்தது. அவள் அந்தப் பெரிய ரொட்டிக் கடையிலேயே பொட்டலம் கட்டுகிற வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்து அவள் வருகிற நேரம் எனக்குத் தெரியும். எதிரே வந்தால் நான் தெருவைக் கடந்து மறுபக்கம் போவேன். பதவி உயர்வு வந்து, சூப்பிரண்டு நாற்காலியில் நானே உட்கார்ந்த பிறகும் அப்படித்தான் போனேன்.

வெகுகாலம் கழித்து ஒரு கல்லறைத் திருநாளில் தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. அவள் அப்பா கல்லறையும் என் அப்பா கல்லறையும் ஒரே வரிசை. மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். பிறகு, உன்மேல் கோபமில்லை, ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றாள்.

"அன்னிக்கு சரின்னு எழுதி அனுப்பியிருந்தா உன்னை இன்னா பண்ணியிருப்பாங்க?"

வேலை போயிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் கல்லறைக்கு முன்னால் பொய் வரவில்லை.

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டாங்க. வேற பிரிவுக்கு மாத்தியிருப்பாங்க" என்றேன்.

"அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். அவள் குனிந்து அணைந்துபோன மெழுகுவத்தியை மறுபடி ஏற்றினாள். அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் அதற்கு ஒரு பதிலாவது தேடியிருப்பேன். மறு வருஷம் அதே திருநாளில் அவளுக்கே பூ வைக்க வேண்டியதாகிவிட்டது.

தேர் அறையை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். ஜெரால்டு கிறிஸ்துமஸுக்கு ஒரு படம் அனுப்புவான், இப்போது அதுவும் இல்லை. மனிதன் பாவி, அதனால் யாருக்கும் அளவில்லாத அதிகாரம் கூடாது என்று நான் தமிழ்ப்படுத்தியபோது அது ராஜாக்களைப் பற்றியது என்றே நினைத்திருந்தேன். ஓர் எழுத்தனைப் பற்றியது என்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அந்தக் கடிதங்களை எழுதாமல் இருந்திருப்பேனா என்றால், அந்த நம்பிக்கையும் எனக்கு என்மேல் இல்லை.

ஃபிலோவின் கோப்பும் இன்றைக்கு இல்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், காலாவதியானவை என்று அழிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. கோப்பை வரவழைத்து என் கையெழுத்தை ஒருமுறை பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. பட்டியலில் ஒப்பமிட்டு, அன்றைக்கே அனுப்பிவைத்தேன்.