படுக்க வைக்காத திரி

2010 கோடையில் ஒரு காலை, அக்காவின் கணவரான மாமா ஒரு நூலோடு எங்கள் கடலூர் வீட்டுக்கு வந்தார். சிதம்பரத்தில் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்த அக்கா மகனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை அளந்த நூல் அது. அதே உயரத்தில் ஒரு மெழுகுதிரி செய்து மாதாவுக்கு ஏற்றுவதாக அக்கா வேண்டியிருந்தாள். கடையில் விற்கும் வெள்ளைத் திரி இல்லை. நான் செதுக்கும் பூத்திரி.

"இன்னைக்கே வேணும்மா. அவ வாசலயே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

கெமிக்கல் டிப்ளமோ படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த எனக்குப் பூத்திரிதான் பிழைப்பு. பதறும்போது வேலைகளை வரிசைப்படுத்திக்கொள்வது என் பழக்கம். பிளாஸ்டிக் குழாயில் மெழுகு ஊற்றுவது. இறுகியதும் வெளியே எடுப்பது. வெள்ளை, நீலம், வெள்ளை என்று சாய மெழுகில் மாறி மாறி முக்குவது. மேல்பூச்சு இளகி இருக்கும்போதே பட்டை பட்டையாகச் சீவி, அறுந்துவிடாமல் முறுக்கி மடிப்பது. சாய மெழுகு இருந்த டின் அவ்வளவு ஆழமில்லை. தலைப்பக்கம் பாதியை முக்கிச் செதுக்கினேன். பிறகு கவிழ்த்துப் பிடித்து, கால்பக்கம்.

"உள்ள இன்னும் சூடு இருக்கு மாமா. நாளைக்குத்தான் எடுத்துக்கிட்டுப் போகணும்."

"நாளைக்கா?" என்றார். திரியைத் தானே துணியில் சுற்றத் தொடங்கினார். கிளம்பினோம்.

பஸ்ஸில் திரியைப் படுக்க வைக்கச் சொன்னேன். மாமா கேட்கவில்லை. "புள்ள அளவும்மா இது. துணி சுத்தி நீட்டிப் படுக்க வெச்சா எப்படி இருக்கும்?" ஜன்னல் ஓரம் நிற்க வைத்து, தோளோடு அணைத்துக்கொண்டார். வெயில் நேராக அதன்மேல் விழுந்தது.

கண்டக்டர் சிரித்தார். "யாரு மாமா இது? டிக்கெட்டு வேணாமா?"

"அர டிக்கெட்டு போடு மச்சான்" என்று பதிலுக்குச் சிரிக்கப் போன மாமா, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கண்டக்டர் மெதுவாக முன்னால் போய்விட்டார்.

வார்டில் துணியைப் பிரித்தபோது திரி நடுவில் வில்லாக வளைந்திருந்தது.

"என்னடி இது?" என்றாள் அக்கா. "கூன் போட்டு நிக்குது."

"வெந்நீர் கெடச்சா நிமுத்திடலாம்க்கா."

மாமா கேன்டீனுக்கு ஓடினார். வெந்நீரில் நனைத்த துண்டைச் சுற்றி, பெஞ்சில் வைத்து அழுத்தினேன். முதல் மடிப்பு உடைந்தது. அடுத்து இரண்டு. நான் கையை எடுத்தேன்.

"ஒடையட்டும்டி. பூவு யாருக்கு வேணும்? நேரா வந்தா போதும்."

அவளும் என் கைமேல் கை வைத்து அழுத்தினாள். நீலச் சுருள்கள் பெஞ்சுக்கடியில் உதிர்ந்தன. ஓரளவு நிமிர்ந்தது, அதற்கு மேல் அழுத்தினால் திரியே இரண்டாகிவிடும்.

"ஏத்த மாட்டோம் சிஸ்டர், அளவு மட்டும்" என்று நர்ஸிடம் கெஞ்சி, அக்கா அதை மகன் பக்கத்தில் கிடத்தினாள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. தலையும் தலையும் சேர்த்து வைத்தும், கால்பக்கம் திரி ஒரு விரற்கடை குறைந்தது. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நிமிராமல் மிச்சமிருந்த வளைவு தின்றுவிட்ட அளவு அது.

அவள் குனிந்து, மகனின் முழங்கால்களை மெல்ல, அவன் பாதம் திரியின் அடியோடு ஒட்டும்வரை மடக்கினாள். அப்படியே கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப சரியா இருக்குல்ல?" என்று கேட்டாள்.