ஏகமனதாக நிறைவேறியது

எங்கள் மில்லின் நிர்வாகக் குழுவில் யாரும் எதையும் எதிர்த்ததாக ஒரு வரிகூடக் கிடையாது. பன்னிரண்டு வருடம் அந்தக் கூட்டக் குறிப்புகளை எழுதியவள் நான் என்பதால் இதை அடித்துச் சொல்வேன். ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று இருக்கும். அந்த வரியை யோசிக்காமலே தட்டச்சு செய்வேன்.

சூலூருக்குப் பக்கத்தில் இருந்த அரசாங்க நூற்பாலை அது. நான் சுருக்கெழுத்தராகச் சேர்ந்து, பிறகு குழுவின் வேலைகளையும் பார்த்துக்கொண்டவள். தலைவர் சென்னையிலிருந்து காலை ரயிலில் வருவார். பதினோரு மணிக்குக் கூட்டம், ஒரு மணிக்கு இலைச் சாப்பாடு, இரண்டரைக்கெல்லாம் அத்தனை காரும் வாசலைத் தாண்டிவிடும். நான் குறிப்பைச் சுத்தமாகத் தட்டி முடிக்க இரண்டு நாள் ஆகும். அதற்குப் பிறகு கையெழுத்துக்காக யார் பின்னால் அலைவது? அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். கடைசிப் பக்கத்தின் அடியில் பெயர்களை மட்டும் தட்டி, முதல் காபியோடு அந்தத் தாளைச் சுற்றுக்கு விடுவேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டபின் கூட்டம் ஆரம்பிக்கும். மேலே காலியாக இருக்கும் இடத்தை நான் பிறகு நிரப்பிக்கொள்வேன்.

இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை, நானும்தான். எங்கள் பக்கத்தில் மரியாதைப்பட்ட மனிதர் தாளையும் பேனாவையும் நீட்டினால், ‘மேலே என்னங்க எழுதப் போறீங்க’ என்று கேட்பது அவரைச் சந்தேகப்படுவதாகிவிடும். அப்படிக் கேட்கிற துணிச்சல் அங்கே ஒருவருக்கும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அரசாங்கத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. பொதுத்துறை நிறுவனங்களின் குழு உறுப்பினர்களும் அதிகாரிகளும் நல்ல நிர்வாகம் பற்றி மூன்று நாள் பயிற்சி எடுக்க வேண்டுமாம். கோவையில் அவிநாசி ரோட்டில் ஒரு ஹோட்டலின் ஏசி ஹாலில் ஏற்பாடு. முதல் நாள் குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஆளுக்கொரு ஜிப் வைத்த பையும் பேனாவும் கொடுத்தார்கள், வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுத்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால் முன்வரிசை முழுக்கக் காலி. பை போயிருந்தது, ஆட்களும் போயிருந்தார்கள். நல்ல நிர்வாகத்தைக் கற்றுக்கொள்ள என்னைப் போன்ற குமாஸ்தாக்களைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள்.

எங்கள் குழுவிலிருந்து ஒரே ஒருவர் மட்டும் மூன்று நாளும் இருந்தார். தொழிலாளர்களின் பிரதிநிதியாகக் குழுவில் உட்கார்ந்தவர். ஸ்பின்னிங் பகுதியில் ஃபிட்டர், ஐம்பதை நெருங்கிய வயது. தேய்த்த வெள்ளைச் சட்டையோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். வகுப்பு பாதி இங்கிலீஷில் நடந்ததால் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “என்னங்க அம்மணி சொல்றாங்க?” என்று அவர் கேட்கக் கேட்க, நான் காதோரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

வகுப்பெடுத்தது ஓய்வுபெற்ற ஒரு பெண் அதிகாரி. கறாரான குரல். சண்டையே நடக்காத குழு என்றால் ஒன்று அது தூங்குகிறது, இல்லை அதன் குறிப்பு பொய் சொல்கிறது என்றார். ஹால் சிரித்தது. ஃபிட்டர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, “எதுத்துச் சொன்னா அதை எழுதித்தான் ஆகோணுமுங்களா?” என்று கேட்டார்.

“பேரும் எழுதணும், காரணமும் எழுதணும். எழுதாம விட்டா அது எழுதறவங்க செய்யற குற்றம்” என்றார் அந்த அம்மா.

ஃபிட்டர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்தேன். அன்று மதியமே இன்னொரு விதியும் சொன்னார்கள்: கையெழுத்தான குறிப்பில் பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. இரண்டையும் என் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

அடுத்த மாதம் கூட்டம். பஞ்சு குடோனில் தீயணைக்கத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பொங்கலிலிருந்தே கருகிக் கிடந்தது. அடுத்த வருடம் எப்படியும் ஆலையைப் புதுப்பிக்கப் போகிறோம், அப்போது சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஃபிட்டர் மட்டும் எழுந்தார்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. வெயில் காலம் வருதுங்க. பஞ்சு குடோன்ல தண்ணி இல்லாம ஆளுகள வேலைக்கு உடறது செரியில்லீங்க.”

“பாத்துக்கலாம், உக்காருங்க” என்று தலைவர் சிரித்தார்.

“இல்லீங்க. இதுக்கு நான் ஒத்துக்கலீங்க. அம்மணி, எம்பேரு போட்டு எழுதிக்குங்க.”

அப்படியே சுருக்கெழுத்தில் எடுத்தேன். என் நோட்டில் விழுந்த முதல் எதிர்ப்பு அது. சொன்னால் என்ன, பெருமையாகவே இருந்தது. ஆனால் அவருடைய கையெழுத்து காலை காபியோடு வாங்கப்பட்டு, என் ஃபைலில் பத்திரமாகக் கிடந்தது. அம்மணி எழுதுவார்கள் என்ற நம்பிக்கையில் வழக்கம்போல அவரும் போட்டிருந்தார்.

கிளம்பும்போது தலைவர் என்னைக் காருக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். “ட்ரெய்னிங் முடிஞ்சு நடக்கற முதல் கூட்டம்மா இது. மேலே அனுப்பணும். சண்டை போட்ட மாதிரி போனா நல்லா இருக்காது. வழக்கம்போலப் போட்டுடுங்க” என்றார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. என் பதவி உயர்வு ஃபைல் அவர் மேஜையில் இருந்தது. அதைப் பற்றி அவர் பேசவும் இல்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு நாள் கழித்து அந்தத் தாளின் காலி இடத்தில் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று தட்டினேன். பயிற்சியில் கற்றதை நடைமுறைப்படுத்திவிட்டீர்களா என்று ஒரு படிவம் வந்திருந்தது. அதிலும் எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ போட்டேன்.

அடுத்த கூட்டத்தில் முந்தைய குறிப்பைப் படிக்க வேண்டும் என்பது விதி. படித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனால் தன் எதிர்ப்பு குறிப்பில் இல்லை என்பது ஃபிட்டருக்குத் தெரியாமலே போயிற்று.

சித்திரை மாதம், மத்தியான ஷிஃப்ட் மாறுகிற நேரம், குடோனில் தீப்பிடித்தது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஏற்றத்தான் மோட்டார் இல்லை. எரியாத பஞ்சு பேல்களை வெளியே இழுத்துவிடலாம் என்று உள்ளே போன சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் மாட்டிக்கொண்டார். கோவை பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்து நான்காம் நாள் போய்விட்டார். அவர் மனைவி சூலூரில் விசைத்தறியில் வேலை செய்துகொண்டிருந்த பெண்.

யாரோ அந்தக் கூட்டக் குறிப்பின் நகலை எடுத்து மில் கேட்டில் ஒட்டிவிட்டார்கள். மோட்டாரைத் தள்ளிப்போட்ட தீர்மானம், ஏகமனது, கீழே வரிசையாகக் கையெழுத்துகள். மற்ற கையெழுத்துகள் சென்னை, கோவை ஆட்களுடையவை, யாருக்கும் அவர்களைத் தெரியாது. தெரிந்த பெயர் ஒன்றுதான், ஃபிட்டருடையது. “நம்மாளுன்னு உள்ள அனுப்பிச்சா, நீயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கே” என்று கேட்டிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் துக்கம் விசாரிக்கப் போனபோது இறந்தவரின் மனைவி, கையெழுத்துப் போட்ட கையோடு தன் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மறுநாள் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் என் வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க அம்மணி, இப்படி எழுதிப்போட்டீங்களே” என்றார். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். “கையெழுத்தானதுக்குப் பொறவு மாத்தக்கூடாதுங்க. ட்ரெய்னிங்ல சொன்னாங்களே, நீங்களும் இருந்தீங்களே” என்றேன். அந்த வாயை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“அதுவும் செரிதானுங்க” என்றார். “குறிப்பை மாத்த வேண்டாமுங்க. கேஸு, என்கொயரி எதுக்கும் வேண்டாமுங்க. நான் சொன்னதை அன்னைக்கு நோட்டுல எழுதினீங்கல்ல, அதைக் கொண்டுபோய் அந்தப் புள்ளைகிட்ட ஒருக்காப் படிச்சுக் காட்டிப்போடுங்க. அது ஒண்ணு போதுமுங்க எனக்கு.”

“பாக்கறனுங்க” என்றேன். ‘மாட்டேன்’ என்று மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்கும்தான் வராது. அவர் நம்பிக்கொண்டு போனார்.

விசாரணைக்கு அதிகாரி வரப்போவதாக அந்த வாரமே செய்தி வந்தது. அந்த நோட்டைப் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு காலையில் அதை எடுத்து, பக்கம் பக்கமாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டேன். பயம். வேறு எந்தப் பெயர் வைத்தாலும் அது பொய். அதிகாரி என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “குறிப்பு சரிதானே?” சரிதான் சார் என்றேன். இரண்டு மாதத்தில் பதவி உயர்வு வந்தது.

ஃபிட்டர் குழுவிலிருந்து விலகிக்கொண்டார். கேண்டீனில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. கல்யாணம் காதுகுத்து என்று பத்திரிகை கொடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அவர் மெஷினைத் தாண்டிப் போனார்கள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு விநாடி நின்று பார்ப்பார். போனீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சங்கடம் என்று நினைத்திருப்பார். அந்தப் பார்வையைத் தவிர்க்க நான் பண்டல் கட்டுகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவேன்.

மூன்று வருடத்தில் மில்லை மூடினார்கள். எல்லோரையும் போல நானும் வீட்டுக்கு வந்தேன். வேலை இல்லை, தலைவர் இல்லை, இனி யாராலும் என்னை ஒன்றும் செய்ய முடியாது. அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. பஸ் ஏறி சூலூர் போய், விசாரித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தேன். சுற்றிலும் தறிச் சத்தம். உட்காரச் சொல்லி, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

நான் யாரென்று சொன்னேன். கூட்டத்தில் ஃபிட்டர் எழுந்து நின்றதையும், அவர் பேசியதையும், எனக்கு நினைவிருந்த வரைக்கும் வார்த்தை மாறாமல் சொன்னேன்.

“அவரு உங்கள அனுப்பிச்சாருங்களா?” என்றாள்.

“இல்லீங்க, நானாத்தான் வந்தேன். அந்தக் குறிப்பை எழுதினதே நான்தானுங்க. பொய்யா எழுதிப்போட்டேன்.”

“அவரு சொன்னதை எழுதின நோட்டு இருக்குதுங்களா?”

“இல்லீங்க. எரிச்சுப்போட்டேன்.”

“ஆபீசர் கேக்கறப்ப?”

“குறிப்பு சரின்னு சொல்லிப்போட்டேனுங்க.”

அவள் முகத்தில் கோபம் இல்லை. எனக்காக வெட்கப்படுகிற மாதிரி இருந்தது. “எழுதறப்பப் பொய்யுங்கறீங்க, ஆபீசர்கிட்டச் சொன்னதும் பொய்யுங்கறீங்க. இப்பச் சொல்றது மட்டும் நெசமுன்னு நான் எதை வெச்சுங்க நம்பறது?”

எழுந்தேன். அவள் மரியாதைக்கு வாசல்வரை வந்தாள்.

“போயிட்டு வாங்க அம்மணி. இனிமே இந்த மாதிரி ஆளு அனுப்ப வேண்டாமுன்னு மட்டும் அவருகிட்டச் சொல்லிப்போடுங்க.”