அப்பா இடம் போட்ட பேருந்து

மதுரையில் யாரிடம் வழி கேட்டாலும், தெரியாது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். பெரியார் பேருந்து நிலையத்தில் அன்று காலை அப்பா மூன்று பேரிடம் கேட்டார். பூக்கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா கிழக்கே கை காட்டினார். டீக்கடைக்காரர் மேற்கே காட்டினார். மூன்றாவது ஆள், "நாகமலை புதுக்கோட்டைக்கா? இங்கன ஏண்ணே நிக்கிறீங்க, ஆரப்பாளையம் போங்க" என்றார். மூன்று பேரையும் நம்பி அப்பா என்னை அங்கும் இங்கும் இழுத்தடித்தார்.

நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் எனக்கு எம்.எஸ்சி. கலந்தாய்வு. பத்தரை மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு போய் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

எந்தப் பேருந்து, எத்தனை நிமிடம் என்று போனில் எல்லாம் பார்த்து வைத்திருந்தேன். தனியாகப் போய்க்கொள்கிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். அப்பா கேட்கவில்லை. "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுக் கூட்டத்துல தனியா விடவா? நானும் வாரேன்" என்று கிளம்பிவிட்டார். பேரையூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு மதுரையில் தெரிந்ததெல்லாம் பெரியாஸ்பத்திரியும் சித்திரைத் திருவிழாவும்தான். சான்றிதழ் ஃபைலை என்னிடம் கொடுக்காமல் வீட்டிலிருந்தே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அதுவே எரிச்சல். அவருடைய சத்தமான பேச்சு, முழங்காலுக்கு மேல் ஏறிய வேட்டி, டீக்கடைக்காரரைக்கூட சார் என்று கூப்பிட்டது, எல்லாமே எரிச்சல். கூட்டத்தில் அவரைவிட்டு நான்கடி தள்ளியே நடந்தேன்.

மணி ஒன்பதரை ஆகிவிட்டது. அப்பாவை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பேருந்துகளின் நேரம் குறிக்கும் டைம் கீப்பரிடம் ஓடினேன். நாங்கள் நின்ற இடத்துக்கே வண்டி வரும் என்றார். திரும்பி வந்தபோது அந்த வண்டி புறப்பட்டுவிட்டிருந்தது. படியில் ஆட்கள் தொங்கினார்கள். அப்பா அதன் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே ஓடினார். யாரும் நிறுத்தவில்லை. திரும்பி வந்தவர் கையில் ஃபைல் இல்லை.

எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று முறைதான் பேருந்து. வந்து நின்றதும் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த இடம் நமக்கு. பிறகு சாவகாசமாக ஏறலாம், யாரும் தொட மாட்டார்கள். அப்பா மதுரையிலும் அப்படித்தான் எனக்கு இடம் போட்டிருக்கிறார். ஆனால் போட்டது துண்டை இல்லை, என் ஃபைலை. போட்டுவிட்டு, ஏறாமல், நான் வருவதற்காகக் காத்து நின்றிருக்கிறார்.

"தோள்ல துண்டு கெடக்குல்ல. அதப் போட வேண்டியதுதான?"

"அழுக்குத் துண்டு தாயி. டவுன்காரங்க உக்காருற சீட்டு" என்றார்.

அங்கே நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"நின்னுக்கிட்டுப் போனா என்ன? உனக்கெல்லாம் எதுக்கு சீட்டு?" என்றேன்.

எங்கள் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார முடியாது. அப்பா சின்ன வயதில் பேருந்தில் காலியாகக் கிடந்த ஓர் இடத்தில் உட்கார்ந்ததற்கு, ஊர்க்காரர் ஒருவர் இதே வார்த்தையைச் சொல்லி எழுப்பிவிட்டிருக்கிறார். அதை அப்பா என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று பிறகு பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்துதான் அடித்தேன். பூக்காரம்மா தலை நிமிர்ந்து பார்த்தார்.

டைம் கீப்பர் நல்ல மனிதர். நடத்துநரின் போனுக்குக் கூப்பிட்டுப் பேசினார். சீட்டில் கிடந்த ஃபைலைப் புதுக்கோட்டை நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. "இங்கயே நில்லு, எங்கயும் போயிறாத" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அடுத்த வண்டியில் தொற்றிக்கொண்டேன். ஃபைல் பத்திரமாக இருந்தது. நான் வியர்க்க விறுவிறுக்க உள்ளே போய் நின்று மூச்சு வாங்குவதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கேட்ட பாடமே கிடைத்தது.

மூன்று மணிக்குத் திரும்பினேன். அப்பா அந்தத் தூணுக்குப் பக்கத்திலேயே இருந்தார். சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கெடைச்சிருச்சா தாயி?"

"ம்."

பேரையூர் வண்டியில் பாதிக்கு மேல் காலி. நான் சன்னலோரம் உட்கார்ந்தேன். அப்பா என் சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயணச்சீட்டு போட வந்த நடத்துநர், "பெரியவரே, இம்புட்டு எடம் கெடக்கு. உக்காரலாம்ல?" என்று கேட்டார்.

"இருக்கட்டும் சார், நின்னுக்கிட்டே வாரேன்" என்றார் அப்பா.

நடத்துநர் என்னைப் பார்த்தார். 'உட்காருப்பா' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திருமங்கலம் வந்தது, கல்லுப்பட்டி வந்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். பேரையூர் வரை அப்பா நின்றுகொண்டே வந்தார்.