படையலுக்கு எந்தப் பாட்டில்

இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாராயமோ சுருட்டோ, எதற்கும் விலக்கு கிடையாது. என் நண்பன் ஒருவன் இறந்து, காரியத்துக்கு முந்தைய நாள் அவன் மனைவி எனக்கு போன் செய்தாள்.

"அண்ணா, அவருக்குப் பிடிச்ச சரக்கையும் நாளைக்குப் படையல்ல வைக்கணும்னு மாமியார் சொல்றாங்க. எதுன்னு எனக்குத் தெரியாது. கூட உக்காந்து குடிச்சது நீங்கதான். தப்பா வச்சிடக் கூடாதுண்ணா."

"இதென்னம்மா பெரிய விஷயம், நாங்க கொண்டுவர்றோம்" என்றேன். போனை வைத்த பிறகுதான் எதைக் கொண்டுபோவது என்று யோசித்தேன்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் அவன் வீட்டு மாடியில் சனிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் நான்கு பேர் கூடுவோம். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிய பழக்கம். நான் ஸ்காட்ச் ஆள். அதில் தண்ணீர்தான் விட வேண்டும் என்பது என் கட்சி. சோடா விடுகிறவனைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொருவன் சாஃப்ட்வேர்காரன். வெளிநாடு போய்வரும்போதெல்லாம் விமானநிலையக் கடையில் சிங்கிள் மால்ட் விஸ்கி வாங்கி வருவான். அதன் புகை நாற்றம் குடலைப் பிடுங்கும். அதை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி அவன் பண்ணும் அலட்டல் இருக்கிறதே, ஐயோ! மூன்றாமவன் பட்டாளத்தில் இருந்து வந்தவன். ரம்மும் வெந்நீரும்தான் அவனுக்கு. "உங்க ஸ்காட்ச் எல்லாம் வெள்ளைக்காரன் கஷாயம்டா" என்பான்.

இந்தச் சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. வீட்டுக்காரன் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. கலந்து கொடுப்பது அவன் வேலை. "எனக்கு எதுன்னாலும் ஓகே குரு. நீங்க மொதல்ல சண்டைய முடிங்க" என்று சிரிப்பான். அவரவர் டம்ளர் அவரவர் கைக்கு வந்துவிடும்.

அவன் ஆபீஸ் பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. நான் பாடைக்குத் தோள் கொடுத்தேன். அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்து குளித்தேன், பசித்தது, சாப்பிட்டேன். அந்த நாட்கள் முழுக்க எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

அவள் போன் செய்த அன்று மத்தியானம் மற்ற இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"இதுல என்னடா சந்தேகம்? புகை வாசனைன்னா அவனுக்கு உயிரு. என் பாட்டிலை நானும் அவனும்தானே காலி பண்ணுவோம்" என்றான் சாஃப்ட்வேர்காரன்.

"போடா டேய். என்கூட ரம் குடிச்சது யாரு, உங்க தாத்தாவா?" என்றான் பட்டாளத்துக்காரன்.

"என்னோட ஸ்காட்ச்தான்டா குடிச்சான். நீங்க ரெண்டு பேரும் அதைத் தொட மாட்டேன்னு அடம் பிடிச்ச அன்னிக்கெல்லாம்..." என்று ஆரம்பித்த நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அன்றன்றைக்கு யாருடைய பாட்டில் தனியாக நின்றதோ, அதைத்தான் அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். யாரும் தனியாகக் குடிக்கக் கூடாது என்று நினைத்திருப்பான் போல. அவனுக்கு எது பிடிக்கும் என்று மூன்று பேரில் ஒருவனும் கேட்டதில்லை.

மறுநாள் மூன்று பாட்டில்களோடு போனோம். பெரிய தலைவாழை இலை. வடை, கறிக்குழம்பு, அவித்த முட்டை, அவன் போடும் வெற்றிலை. அவற்றில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"மூணுமாண்ணா? இதுல எது அவருக்கு?" என்றாள் அவன் மனைவி.

"எல்லாமே பிடிக்கும்மா" என்றான் சாஃப்ட்வேர்காரன். அவள் எங்கள் மூவரின் முகத்தையும் பார்த்தாள்.

"சரி. அவரு எப்படிக் குடிப்பாரோ அப்படியே கலந்து வைங்க."

என் ஸ்காட்சை டம்ளரில் ஊற்றித் தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். எவ்வளவு விடுவது என்று தெரியவில்லை. ஊரையெல்லாம் எதிர்த்து நான் வாதாடிய தண்ணீர் அது. அந்த மாடியில் ஒரு நாள்கூட என் கையால் அதை ஊற்றியதில்லை. கொஞ்சம் விட்டேன். நிறம் சரியாக இல்லை. பக்கத்தில் பட்டாளத்துக்காரன் வெந்நீரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான்.

அவள் என் கையிலிருந்து சொம்பை வாங்கினாள்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு விரக்கடை தண்ணி வேணும்ணா. ஐஸ் போடக் கூடாது, சளி புடிச்சுக்கும். அந்த அண்ணனுக்கு வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வேணும். இவருக்கு வெறும் ரெண்டு சொட்டு. தண்ணி எடுக்கக் கீழ வர்றப்பல்லாம் சொல்லிக்கிட்டேதான் போவாரு."

சொல்லிக்கொண்டே மூன்றையும் கலந்து இலையோரம் வரிசையாக வைத்தாள். முதல் டம்ளரில் நிறம் அச்சு அசலாக வந்திருந்தது. அது என் டம்ளர். பக்கத்தில் இருந்தவை அவர்கள் இருவருடையவை. அவனுடையது அங்கே இல்லை.