அம்மாவின் காப்பியும் ஆட்டுக்குடலும்

விழுங்கிய மருந்து குடலிலிருந்து ரத்தத்துக்கு எப்படிப் போகிறது என்று பார்ப்பது என் வேலை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கிறேன். சோதனைக்கு ஆட்டின் சிறுகுடல் வேண்டும். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்குவதில்லை. ஆனால் எங்கள் ஊர் நீடாமங்கலம் கறிக்கடையில் நான் பழகிய முகம்.

"மஞ்சத்தூள் போட்டு அலசித் தரவாக்கா?" என்பார் கடைக்காரர்.

"அலசாம அப்படியே குடுங்க."

என் சமையலைப் பற்றி அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. குளிர்ந்த உப்புநீர் டப்பாவில் குடலைப் போட்டுக்கொண்டு ரயிலேறுவேன்.

அந்த வருஷம் அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போனது. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிற்பகலானால் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். ஒருநாள் பேப்பரில் வந்த கணக்குப் புதிரைப் போட உட்கார்ந்தவள், பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். 

மாத்திரையைக் காலைக் காப்பியோடுதான் விழுங்குவாள். காப்பி அதை உடம்பில் சேரவிடாது என்றேன்.

"வெறும் வயித்துலன்னுதான் டாக்டர் சொன்னாரு. நான் என்ன இட்லியா சாப்பிடுறேன்? காப்பிதான குடிக்கிறேன்."

"அம்மா, என் வேலையே இதுதான்."

"நீ கண்ணால பாத்தியா?"

"படிச்சிருக்கேன்."

"படிச்சிருக்கியா. சரி."

அம்மாவின் காப்பியை வைத்தே ஆய்வகத்தில் சோதித்துக் காட்ட என் பேராசிரியரிடம் அனுமதி கேட்டேன். டிகாக்‌ஷன் நல்ல டிகாக்‌ஷனா என்று மட்டும் விசாரித்தார். அடுத்த சனிக்கிழமை அம்மா பிளாஸ்க்கோடு என்னுடன் ரயிலேறினாள். "உங்க கேன்டீன் காப்பிய வெச்சு எதையும் முடிவு பண்ணாத."

குடலைத் துண்டாக்கி, உள்பக்கம் வெளியே வரும்படி கண்ணாடிக் குச்சியில் திருப்பி, இரு முனைகளையும் நூலால் கட்டினால் சின்னப் பை. அதை மருந்து கலந்த வெதுவெதுப்பான நீரில் தொங்கவிட்டு, பைக்குள் எவ்வளவு மருந்து போயிருக்கிறது என்று பிறகு அளப்போம். அன்று அம்மாவின் தைராய்டு மருந்தில் இரண்டு பைகள். ஒன்றின் நீரில் அம்மாவின் டிகாக்‌ஷன். அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கண்ணை எடுக்கவில்லை.

இரண்டிலும் மருந்து ஒரே அளவில் போயிருந்தது.

அம்மா மிச்சக் காப்பியைக் குடித்தாள். நான் பைகளைச் சோதித்தேன். காப்பியில் கிடந்த பையின் முடிச்சு தளர்ந்து நீர் உள்ளே கசிந்திருந்தது.

"முடிவு புடிக்கலன்னா முடிச்சு அவுந்துருமா?" என்றாள்.

ஆனாலும் அடுத்த சனிக்கிழமை வந்தாள். நான் நூலை எடுத்ததும், "அந்தக் கையுறையக் குடு" என்றாள். முட்டைக் கூடைக்கு ஒதுங்கி நடக்கிறவள், ஆட்டுக்குடலைப் பிடித்து முடிச்சுப் போட்டாள். முகத்தை மட்டும் வேறுபக்கம் திருப்பியிருந்தாள். இம்முறை கசியவில்லை. காப்பியில் கிடந்த பைக்குள் மருந்து நன்றாகக் குறைந்திருந்தது.

"ஒரு ஆட்ட வெச்சு எப்படிச் சொல்றது?"

இன்னொரு ஆடு வந்தது. அதிலும் அதே முடிவு. அம்மா கணினித் திரையில் மருந்தளவைக் காட்டிய கோடுகளை வெகுநேரம் பார்த்தாள். திரும்பும் ரயிலில், நீடாமங்கலம் நெருங்கும்போது கேட்டாள்: "மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சுக் காப்பி குடிக்கலாம்?"

"ஒரு மணி நேரம்."

துக்கச் செய்தி கேட்டவள்போல் வெளியே பார்த்தாள்.

மறுநாளிலிருந்து தண்ணீரோடு மாத்திரை. பிறகு காப்பி ஃபில்டருக்கு எதிரே உட்கார்ந்துகொள்வாள். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் அவளிடம் பேசமாட்டோம். சில வாரங்களில் பகல் தூக்கம் போனது. புதிர்களை முடித்துவிட்டு, அச்சுப்பிழை இருந்தால் சுழித்தும் வைத்தாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் மாத்திரை அளவைக் குறைத்தார்.

"டி.எஸ்.எச். நல்லா எறங்கியிருக்கே. என்ன பண்ணீங்கம்மா?"

"மூணு ஆடு ஆச்சுங்க" என்றாள் அம்மா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எந்தக் கோயிலுக்கு?"

நான் விளக்க வாயெடுத்தேன். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

"தஞ்சாவூருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்தாள்.